உலோகப் பிரித்தெடுப்பு ஆராய்ச்சி மேலாண்மை

தாதுவிலிருந்து உலோகம் எடுக்கும் முறைகளை ஆய்வுக்கூட மேசையிலிருந்து ஆலைத்தளம் வரை திட்டமிட்டுக் கொண்டுசெல்லும் பணி. சென்னையில் இத்துறைக்குரிய முக்கிய இடம் அடையாறை அடுத்த தரமணியிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். வளாகம். 1950-இல் ஜாம்ஷெட்பூரில் திறக்கப்பட்ட தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் இங்கே இயங்குகிறது. தாதுச் செறிவூட்டல், குறிப்பாகத் தூண் மிதப்பு முறை, இம்மையத்தின் தனிச்சிறப்பு.

தூண் மிதப்பில், நீரில் கலந்த தாதுப்பொடி உயரமான உருளைக்குள் செலுத்தப்படும். அடியிலிருந்து எழும் காற்றுக்குமிழிகள் வேண்டிய கனிமத்தை ஒட்டிக்கொண்டு மேலே வரும். மேலிருந்து தெளிக்கும் நீர், நுரையோடு வந்த மண்ணைக் கழுவி இறக்கும். மெல்லிய குழாயில் நன்றாக வேலை செய்த முறை, அகன்ற தூணில் உள்கலப்பு கூடுவதால் அதே பலனைத் தராமல் போகலாம். ஆகவே இடையில் முன்னோட்ட ஆலை தேவை. செலவு மிகும் இக்கட்டத்தைத் தவிர்க்க நினைப்பது பெரும் பிழை. மறுசுழற்சி நீரில் உப்புகள் சேர்வதும், சுரங்கத்தின் பகுதிக்குப் பகுதி தாது மாறுவதும் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மேலாளரின் கடினமான முடிவு, எந்தத் திட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதே. உலோக விலை ஏறி இறங்கும். ஆய்வோ பல ஆண்டுகள் நீளும். மாதிரி எடுப்பு, செலவுப் பங்கீடு, காப்புரிமை ஆகியவற்றை ஆலையோடு தொடக்கத்திலேயே ஒப்பந்தமாக்க வேண்டும். ஆலைப் பொறியாளர்கள் முன்னோட்டக் கட்டத்திலேயே ஆய்வாளர்களுடன் பணியாற்றினால் தொழில்நுட்பக் கைமாற்றம் எளிதாகும்.