கறுக்கும் நீரின் சரித்திரம்

நோயாளியின் நீரை வாங்கி அதன் நிறத்தையும் மணத்தையும் நுரையையும் ஆராய்ந்து, பின்பு அதில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் படர்கிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று பார்த்து வாத பித்த கபங்களின் நிலையை நிர்ணயித்த சித்த வைத்தியர்கள் வாழ்ந்த நாட்டில், நீர் சரீரத்தின் அந்தரங்கத்தைச் சொல்லும் என்பது புதிய செய்தியன்று. ஐரோப்பிய வைத்தியர்களும் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பல நூற்றாண்டுகள் காலம் தள்ளினார்கள். அவர்கள் தீர்ப்பில் பாதி ஊகம். ஆனால் ஒருவனுடைய நீரைக்கொண்டு அவன் தாய் தந்தையர் வழி வந்த சொத்தையே கணக்கிடலாம் என்பதை உலகத்துக்கு முதலில் உணர்த்தியது, சில இலட்சம் பேரில் ஒருவருக்கே வாய்க்கும் அல்காப்டனூரியா என்னும் அபூர்வ வியாதி.

இதன் அடையாளம் விசித்திரமானது. கழிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் நீரை ஒரு பாத்திரத்தில் விட்டுவைத்தால், காற்றுப் படும் மேற்பரப்பில் முதலில் பழுப்பேறி, அது மெல்லக் கீழிறங்கி, முடிவில் முழுவதும் மைபோல் கறுத்துவிடும். குழந்தையின் அணையாடையில் விழுந்த கறையைப் போக்கலாமென்று தாய் சோப்புப் போட்டுத் தேய்த்தால், சோப்பின் காரம் பட்டு அது முன்னிலும் கறுக்கும். குழந்தைக்கோ வேறு உபத்திரவம் ஒன்றும் இராது. முப்பது வயதுக்கு மேல்தான் காதின் குருத்தெலும்பு நீலம் பாரிக்கும், கண்ணின் வெண்மையில் புள்ளி தோன்றும், முதுகெலும்பும் முழங்கால் மூட்டும் தேயத் தொடங்கும்.

1859-ல் ஜெர்மனியில் போடெக்கர் என்னும் இரசாயனி இத்தகைய நீரைச் சோதித்தார். அது செம்புக் கரைசலைச் சர்க்கரையைப் போலவே மாற்றியது. ஆனால் சர்க்கரைக்குரிய மற்றச் சோதனைகளுக்கு இணங்கவில்லை. அவர் நுணுக்கமாகப் பார்த்தார். பார்க்காத வைத்தியர்கள் இந்நோயாளிகளை நீரிழிவுக்காரர் என்றே எண்ணி ஏமாந்ததுண்டு. 1891-ல் வோல்கோவும் பௌமனும் நீரைக் கறுக்கச் செய்யும் பொருள் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று கண்டார்கள். எனினும், குடலில் குடியேறிய ஏதோ கிருமிதான் உணவிலுள்ள டைரோசின் என்னும் புரதக்கூற்றை இவ்வாறு திரிக்கிறது என்று அவர்கள் அனுமானித்தது தவறு.

அத்தவற்றைத் திருத்தியவர் லண்டன் வைத்தியர் ஆர்ச்சிபால்ட் கேரட். இரசாயனக் கண் அவருக்குக் குலவித்தை என்றே சொல்லலாம். அவர் தந்தை ஆல்பிரட் பேரிங் கேரட், கீல்வாதக்காரரின் இரத்தநீரில் ஒரு நூலைக் கிடத்தி, அதன்மீது படியும் யூரிக் அமிலப் படிகங்களைக் கொண்டு நோயைக் கண்டறிந்தவர். மகன் பார்த்துவந்த, கறுத்த நீர் கழிக்கும் ஒரு சிறுவனின் தாய் மறுபடி கருவுற்றபோது, பிறக்கும் குழந்தையின் அணையாடைகளைக் கவனித்துவரும்படி அவர் தாதியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். 1901-ல் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாளே துணியில் கறை கண்டது. கிருமி குடலில் குடியேறித்தான் இந்த வித்தை நடக்கிறதென்றால் இத்தனை விரைவில் எப்படி நடந்திருக்கும்? எனக்கு இந்த வியாதியின் சரித்திரத்தில் மிக அழகாகத் தோன்றும் இடம் இதுதான்: ஒரு பெரிய கோட்பாட்டை வீழ்த்தப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை, சரியான வேளையில் விழிப்போடு இருக்கும்படி சொல்லிவைத்ததே போதுமாயிருந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. அக்குழந்தைகளின் பெற்றோர் இருவரும் நெருங்கிய இரத்த உறவினர், உடன்பிறந்தாரின் பிள்ளைகள். மற்றக் குடும்பங்களை விசாரித்தபோதும் பெற்றோருக்கு நோயில்லை, ஆனால் உறவில் மணம் அடிக்கடி தென்பட்டது. குணங்கள் தலைமுறை வழியாக இறங்குவதைப் பற்றிய மெண்டலின் விதிகள் அப்போதுதான், 1900-ல், மறதியிலிருந்து மீட்கப்பட்டிருந்தன. அவற்றைப் பரப்பிவந்த வில்லியம் பேட்சன், மறைந்து நிற்கும் ஒரு குணம் இரு பக்கமும் சேரும்போது வெளிப்படுவதற்கு இது பொருத்தமான உதாரணம் என்று எடுத்துக்காட்டினார். 1902-ல் லான்செட் பத்திரிகையில் கேரட் எழுதிய கட்டுரை, மனிதனில் மெண்டல் விதி செல்வதைக் காட்டிய முதல் சான்று என்று மதிக்கப்படுகிறது. ஒவ்வொரு மனிதனும் முகத்தில் வேறுபடுவதுபோல் உள்ளிருக்கும் இரசாயனத்திலும் வேறுபடுகிறான் என்பது அவர் சித்தாந்தம். 1909-ல் அதையே நூலாக விரித்தார்.

உலகம் கேட்டுக்கொண்டதா என்றால், இல்லை. வைத்தியர்கள் இதை ஒரு விநோதமாகவும், உயிரியலார் வைத்தியர்களுடைய விஷயமாகவும் ஒதுக்கினார்கள். ஜீன்கள் என்சைம்களை ஆள்கின்றன என்று பூஞ்சணத்தில் நிரூபித்து 1958-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் பீடில், இக்கருத்தில் கேரட் தமக்கு முந்தியவர் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் லா டூவும் அவருடைய தோழர்களும், நோயாளியின் கல்லீரலில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தைச் சிதைக்கும் என்சைம் இல்லாததை நேரில் காட்டினார்கள். 1996-ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் அந்த ஜீனையே கண்டுபிடித்தனர்.

நீரின் சாட்சியம் இன்றும் செல்லாக்காசாகவில்லை. நாளொன்றுக்குச் சில கிராம் அளவில் வெளிவரும் அந்த அமிலத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கொண்டு அளப்பதே நோயை உறுதி செய்யும் வழி. மருந்தின் பலனை மதிப்பிடுவதும் அதே அளவால்தான். களைக்கொல்லி ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நிடிசினோன் என்னும் மருந்து, நீரில் இவ்வமிலத்தை 99 சதவீதத்துக்கும் மேல் குறைக்கிறது. வயதுவந்த நோயாளிகளுக்காக ஐரோப்பாவில் 2020-ல் அது அங்கீகாரம் பெற்றது.

தமிழ்நாட்டிலும் தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஒரு சமூகத்தாரிடையே இவ்வியாதிக்குரிய ஒரே ஜீன் பிழை பரவியிருப்பதை ஆய்வாளர் 2014-ல் வெளியிட்டனர். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், குழந்தையின் துணி துவைக்கத் துவைக்கக் கறுத்தால், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு இருந்துவிடாமல், வைத்தியரிடம் நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.