உலகக் கோப்பை வென்ற மைசூரு வீராங்கனை: பெண்கள் கோ-கோவுக்கு அடுத்த தேவை என்ன?

மைசூரு: புதுதில்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் 2025 ஜனவரி 19-ஆம் தேதி நடைபெற்ற முதலாவது மகளிர் கோ-கோ உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், இந்திய அணி 78-40 என்ற புள்ளிக்கணக்கில் நேபாளத்தை வீழ்த்தியது. ஆட்டத்தின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பி.சைத்ரா. மைசூரு மாவட்டத்தில், காவிரியும் கபினியும் கூடும் டி.நரசிபுரா வட்டத்தைச் சேர்ந்த குருபூரு கிராமமே அவரது சொந்த ஊர். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

கோ-கோவில் ஒரு அணியினர் எதிரெதிர்த் திசை நோக்கி வரிசையாக அமர்ந்திருப்பர். துரத்துபவர், அமர்ந்திருப்பவரின் முதுகில் தட்டி 'கோ' என்று குரல் கொடுத்ததும் அவர் எழுந்து துரத்தலைத் தொடர்வார். எதிரணியினர் சிறு குழுக்களாகக் களமிறங்கிப் பிடிபடாமல் தப்ப வேண்டும். நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் குழுவுக்கு 'ட்ரீம் ரன்' என்ற பெயரில் புள்ளிகள் கிடைக்கும். இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் சைத்ராவின் குழு 5 நிமிடங்களுக்கு மேல் பிடிபடாமல் நின்றது. நேபாளத்தின் மீள்வரவுக்கு அதன்பின் வாய்ப்பில்லாமல் போனது.

இரண்டு கம்பங்களும் சமதளமான மண் தரையும் போதும் என்பதால், கிராமத்துச் சிறுமிகளுக்கு இந்த விளையாட்டு எட்டும் தூரத்தில் இருக்கிறது. விலையுயர்ந்த மட்டையோ காலணியோ தேவையில்லை. பள்ளி மைதானத்திலேயே பயிற்சி முடிந்துவிடுவது அதைவிட முக்கியமானது. பெண் பிள்ளை விளையாடுவதைக் காட்டிலும், இருட்டிய பின் தொலைவிலிருந்து தனியே வீடு திரும்புவதையே பல பெற்றோர் அஞ்சுகின்றனர்.

சிக்கல் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகே தொடங்குகிறது. 2022-இல் தொடங்கிய 'அல்டிமேட் கோ-கோ' தொழில்முறை லீக்கின் முதல் இரண்டு பருவங்களிலும் சென்னை குயிக் கன்ஸ் உள்ளிட்ட 6 அணிகள் மோதின. அனைத்தும் ஆடவர் அணிகளே. 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் அணி தங்கம் வென்றிருந்தும், பெண்களுக்கு அத்தகைய மேடை அமையவில்லை. கேலோ இந்தியா திட்டத்தின் அஸ்மிதா மகளிர் லீக் போட்டி வாய்ப்பைத் தருகிறது, வாழ்வாதாரத்தைத் தருவதில்லை. அதற்கு ரயில்வே, இந்திய விமான நிலைய ஆணையம் போன்ற நிறுவனங்களின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளே இன்றும் முக்கிய வழி.

உலகக் கோப்பைக்குப் பின் எழுந்த பரிசுத்தொகை சர்ச்சையின் வேரும் இங்குதான் உள்ளது. சைத்ராவுக்கும், ஆடவர் அணியில் இடம்பெற்ற கர்நாடக வீரர் எம்.கே.கௌதமுக்கும் கர்நாடக அரசு தலா ரூ.5 லட்சம் அறிவித்தது. மகாராஷ்டிர அரசோ தன் மாநிலத்தவருக்குத் தலா ரூ.2.25 கோடியும் அரசுப் பணியும் அறிவித்திருந்தது. இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி இருவரும் பரிசை ஏற்க மறுத்தனர். ஒரே அணியில் ஆடி, ஒரே கோப்பையை ஏந்தியவர்களுக்கு இடையே இத்தனை இடைவெளி இருப்பதை வெறும் பண விவகாரமாகக் கருத முடியாது. மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் குடும்பம் முதலில் கணக்கிடுவது, ஆட்டம் ஓய்ந்த பின் அவளுக்கு ஒரு வேலை இருக்குமா என்பதையே.