39-ல் ஒருவர்

லாப நஷ்டக் கணக்கு பார்ப்பவரிடம் கொடுத்திருந்தால், அன்றைக்கே கடையை மூடச் சொல்லியிருப்பார். 39 பேருக்கு மருந்து கொடுத்தார்கள். இருவருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. முழுசாகக் காணாமல் போனது ஒரே ஒருவருக்குத்தான்.

2006-ல் அமெரிக்காவில் தொடங்கிய பரிசோதனை அது. எல்லோருமே நோய் முற்றியவர்கள். வழக்கமான சிகிச்சைகள் கைவிட்டவர்கள். ஒரு விஷயம் தெரியுமா உங்களுக்கு? முதல் கட்டப் பரிசோதனையின் முதல் வேலை குணமாக்குவது அல்ல. மருந்தை உடம்பு தாங்குமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

மருந்து செய்யும் வேலை இதுதான். நம் ரத்தத்தில் ஓடும் டி செல்களைப் போலீஸ் ஜீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சொந்த உடம்பின்மீதே மோதிவிடாமலிருக்க ஒரு பிரேக் உண்டு. பெயர் பி.டி.-1. ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-ல் கண்டுபிடித்தது. புற்றுநோய் பலே கில்லாடி. அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டே வளரும். மருந்து அந்தக் காலைத் தட்டிவிடும்.

2010-ல் முடிவு வெளியானது. முழுக்க குணம் கண்டவருக்கு இருந்தது பெருங்குடல் புற்றுநோய். ஆகா என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2012-ல் வெளியான பெரிய பரிசோதனையில் 19 பெருங்குடல் நோயாளிகள். ஒருவருக்கும் கேட்கவில்லை.

அதிர்ஷ்டம் என்று விட்டிருக்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் விடவில்லை. அந்த ஒருவரின் கட்டியில் என்ன விசேஷம் என்று தோண்டினார்கள். செல் பிரியும்போது மரபணுவைப் படியெடுக்கும். அதில் விழும் பிழைகளைத் திருத்த ஒரு புரூஃப் ரீடர் உண்டு. இவர் கட்டியில் அந்த ஆள் வேலையே செய்யவில்லை!

அதே பிரேக்கைக் குறிவைக்கும் இன்னொரு மருந்தை வைத்துச் சோதித்தார்கள். 2015-ல் விடை கிடைத்தது. புரூஃப் ரீடர் இல்லாத பெருங்குடல் கட்டிக்காரர்களில் 10-க்கு 4 பேருக்குச் சுருங்கியது. இருந்தவர்கள் 18 பேர். ஒருவருக்குக்கூட இல்லை. முதல் வகையில் சராசரியாக 1,782 பிழைகள், இரண்டாவதில் 73. அத்தனை பிழையோடு திரிந்தால் போலீஸ் கண்ணில் படாமலா போகும்?

2017 மே மாதம் அந்த மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. எந்த உறுப்பு என்று பார்க்காமல், இந்தப் பழுதை மட்டும் பார்த்து. புற்றுநோய் மருந்துகளில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

ஆனால், பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில் இந்த வகை நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஆகவே வேண்டியவர் யாருக்காவது இந்த நோய் என்றால், 'புது மருந்து இருக்கா?' என்று கேட்பதற்கு முன்னால், 'எம்.எஸ்.ஐ. டெஸ்ட் எடுத்தாச்சா டாக்டர்?' என்று கேளுங்கள்.

பிழைத்த ஒருவரைக் கொண்டாடுகிறோம். சரி. யாருக்குக் கொடுத்துப் பயனில்லை என்று காட்டியவர்கள் அந்த 18 பேர். கணக்கில் அவர்களும் வரவுதான்.