காலிக் கல்லின் மூன்று மொழிகள்

கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், வெளிநாட்டாருடன் வர்த்தகப் பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி என்று கற்பிக்கும் கருத்தரங்கொன்றுக்குச் சென்று திரும்பியிருந்தார். எதிரே இருப்பவரின் மொழியையும் நம்பிக்கையையும் மதிக்க வேண்டும் என்பதே அங்கு சொல்லப்பட்ட முதற்பாடமாம். "இதற்குக் கட்டணம் எதற்கு? இந்தப் பாடத்தைச் சொல்லும் கல்லொன்று நம் ஊரிலேயே இருக்கிறதே" என்று சொல்லி, அவரைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன்.

1911ஆம் ஆண்டு காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு அது. சீனப் பேரரசர் யொங்லேயின் பெயரால், கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அதில் பொறிக்கப்பட்ட திகதி 1409 பெப்ரவரி 15க்குச் சமமானது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல என்பதே இதன் சிறப்பு. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி, தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரை, அதாவது திருமாலைப் போற்றுகிறது. பெரிதும் சிதைந்துவிட்ட பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு உரியது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று மூவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவிலான காணிக்கைகள். செங் ஹே இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழுக்கு ஏன் இந்த இடம்? அந்நாளைய இந்துமாகடல் வணிகத்தில் தமிழ் வர்த்தகரைத் தவிர்த்துவிட்டுக் கணக்கு முடிக்க இயலாது. சீனத்துக் குவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருப்பதே அதற்குச் சான்று. சீனர் யாருடன் வாணிபம் செய்ய விரும்பினார்களோ, அவர்களுடைய மொழிகளைக் கல்லில் ஏற்றினார்கள்.

நண்பர் மகிழ்ந்து போனார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கல்லில் சிங்களம் இல்லை. புத்தருக்கான காணிக்கை சீன மொழியில் இருந்தது; அதை இங்குள்ள பௌத்தர் எத்தனை பேர் வாசித்திருக்க முடியும்? வணிகரை மதித்த கல், மண்ணுக்குரிய மன்னனின் மொழியை மறந்திருந்தது. 1411இல், கோட்டை இராச்சியத்தில் அதிகாரம் செலுத்திய அழகேஸ்வரனுடன் செங் ஹே போரிட்டு, அவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றார். சிங்களம் விடுபட்டதுதான் போருக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மரியாதைச் சொற்களுக்குப் பின்னால் பெரும் படையும் நின்றது என்பதைத்தான் சொல்கிறேன். ஆயுதத்தைக் காட்டியபடி பேசும்போது எத்தனை மொழியில் பேசினாலும் அது சமமான பேச்சுவார்த்தை ஆகாது.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், 2021 மே மாதத்தில், சீன உதவியுடன் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அமைந்த நூலகத்தின் பெயர்ப்பலகை திறந்துவைக்கப்பட்டது. அதில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமும் இருந்தது. தமிழ் இல்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. கண்டனம் எழுந்ததும் பலகை அகற்றப்பட்டது. அன்று சிங்களத்தை விட்டவர்களும், இன்று தமிழை விட்டவர்களும் செய்த பிழை ஒன்றே. வீட்டில் இருவர் இருக்க, தமக்கு வேண்டிய ஒருவரிடம் மட்டுமே பேசினார்கள்.

திரும்பும் வழியில் வெள்ளவத்தையில் இறங்கினோம். புடவைக்கடை ஒன்றில் சிங்களப் பெண்மணி ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரரை அவர் அழைத்த சொல் "முதலாளி". தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய் நிலைத்துவிட்ட சொல் அது. கடையைக் குறிக்கும் "கடே"யும் அப்படியே. முதலாளியோ சிங்களத்திலேயே பதில் சொன்னார். விலை படிந்தது, இருவரும் சிரித்தார்கள்.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும், 1983இன் தீயையும் கண்ட தெரு இது. அவற்றுக்குப் பின்னரும் ஒருவர் மொழியை மற்றவர் நாவில் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இந்தச் சிறு வியாபாரிகளும் அவர்களுடைய வாடிக்கையாளர்களுமே. கருத்தரங்கு நடத்துவோர் ஒருநாள் இந்தக் கடைவாசலில் வந்து நின்று பார்க்கலாம்.