மலைக்கள்ளனும் அப்துல் ரஹீமும்

திரையில் தோன்றும் சூப்பர் ஹீரோவுக்கு மாற்றுப்பெயரும் தனி உடையும் இருந்தே ஆக வேண்டுமா? பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்று இக்கேள்வி சர்வ சாதாரணமாக எழுகிறது. சூப்பர்மேன் 1938இலும் பேட்மேன் 1939இலும் சித்திரக்கதைகளில் பிறந்தவர்கள் என்பதால், இதை அமெரிக்காவில் முளைத்த கேள்வியாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் தாராபுரத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரில், 1954ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விடை படமாக்கப்பட்டுவிட்டது. அந்த விடையில் ஒரு முஸ்லிம் பெயரும் ஒரு முஸ்லிம் உடையும் இடம்பெற்றிருந்தன.

சினிமா பார்ப்பது கூடுமா, கூடாதா என்பது வேறு விவாதம்; அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நம் பெயரையும் தொப்பியையும் தாடியையும் திரை எதற்கெல்லாம் பயன்படுத்தியது என்பது வரலாறு. அதை நாம் அறிந்திருப்பது நல்லது.

கொங்கு நாட்டுக்கு மாற்றுப்பெயர் புதிதன்று. தாராபுரத்திலிருந்து காங்கயத்தைக் கடந்தால் சிவன்மலை, அதற்கப்பால் சென்னிமலை. மைசூர் அரசுக்குச் சென்றுகொண்டிருந்த வரிப்பணத்தைத் தீர்த்தகிரி என்னும் இளைஞர் வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றும், பறித்தவர் யார் என்று கேட்ட தண்டல்காரர்களிடம், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே உள்ள ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லுங்கள் என்றார் என்றும் இவ்வட்டாரத்தில் வழங்கிவருகிறது. தீரன் சின்னமலை என்ற பெயர் அப்படி நிலைத்தது. மைசூரின் பணத்தைப் பறித்தவராகச் சொல்லப்படும் அவரே பின்னாளில் திப்பு சுல்தானின் பக்கம் நின்று கும்பெனிப் படையோடு பொருதினார்; 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு முகமூடி கிடையாது. அவருடைய மாற்றுப்பெயர் ஆளை மறைப்பதற்காக ஏற்பட்டதுமன்று. சொன்ன மறுகணமே எந்த ஊர், எந்த ஆள் என்று எவருக்கும் விளங்கிவிடும் பெயர் அது. அதிகாரத்தை நோக்கி விடுக்கப்பட்ட அறைகூவல் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

பிறரிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும் நாயகன் கொங்கு மண்ணில் உருவானது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவலைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் படமாக்கினார். மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம்.ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்தனர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற அப்படத்தின் கதை தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளுக்கும் சென்றது. அக்காலத்தில் தமிழ்ப் படங்கள் சென்னையில் மட்டும் உருவாகவில்லை. கோவையின் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்களும் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் கொங்கு நாட்டையே ஒரு திரைப்பட நிலமாக ஆக்கியிருந்தன.

கதையின் நாயகன் குமாரவீரன். மலையில் மறைந்து வாழ்ந்து, கொடிய செல்வர்களிடம் பறித்து எளியவர்களுக்கு வழங்கும்போது அவன் பெயர் மலைக்கள்ளன். நகருக்குள் நடமாடும்போது அவன் அப்துல் ரஹீம் என்னும் செல்வந்த முஸ்லிம் வணிகன். ஆக, ஓர் ஆளுக்கு மூன்று பெயர். 1919இல் எழுதப்பட்ட ஸோரோ கதையிலும், அதன் வழிவந்த பேட்மேன் கதையிலும் இதே அமைப்புதான் உண்டு: இரவில் முகமூடி, பகலில் யாரும் ஐயுறாத ஒரு கனவான். ஆனால் அக்கதைகளில் கனவான் என்பதே நாயகனின் பிறப்பு அடையாளம், முகமூடிதான் வேடம். மலைக்கள்ளனிலோ ஐயத்துக்கு அப்பாற்பட்ட அந்தப் பகல் மனிதனே ஒரு வேடம். அந்த வேடத்துக்கு அப்துல் ரஹீம் என்று பெயரிட்டார் நாமக்கல் கவிஞர்.

ஏன் அப்துல் ரஹீம்? கவிஞர் காரணம் எழுதிவைத்தாரோ இல்லையோ, கொங்கு நாட்டு வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அது விளங்காமற்போகாது. குதிரை வணிகத்தோடு பெயர் பிணைந்த இராவுத்தர்கள் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருபவர்கள். ஊர் ஊராகச் செல்வது வணிகனின் தொழில்; எனவே ஏன் இங்கு வந்தாய், பத்து நாளாக எங்கே போயிருந்தாய் என்று எவரும் அவனைக் கேட்கமாட்டார்கள். கையில் பணம் புழங்குவதும் இயல்பு. பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையிலும் அமரலாம், காவல் அதிகாரியோடும் பேசலாம். ஒளிந்து திரிய வேண்டிய ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை கிடையாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கதாசிரியனும் தன் நாயகனைச் சந்தேகத்துக்குரியவனின் உடைக்குள் ஒளித்துவைக்கமாட்டான். ஊரார் எந்த உடையைக் கண்டு நிம்மதியாக வழிவிடுகிறார்களோ, அதுவே சிறந்த மறைவிடம். 1954இல் ஒரு காந்தியவாதிக் கவிஞருக்கும், ஒரு நாயுடு தயாரிப்பாளருக்கும், படத்தைக் கொண்டாடிய பெருந்திரளுக்கும் முஸ்லிம் வணிகனின் உடை அத்தகைய உடையாகத் தோன்றியது. இதைவிடப் பெரிய நற்சான்றிதழை எந்த மேடைப் பேச்சும் நமக்கு வழங்கியதில்லை. ஆயினும் முழுதாக மகிழவும் மனம் வரவில்லை. தாடியைக் கழற்றியதும் அப்துல் ரஹீம் காணாமற்போகிறார். ஊர் நம்பிய அந்த நல்ல முஸ்லிம் உண்மையில் இருந்ததே இல்லை.

இந்திப் பதிப்பின் கதை இன்னும் விந்தையானது. 1955இல் ‘ஆசாத்’ என்ற பெயரில் நாயுடுவே அதையும் இயக்கினார். நாயகன் திலீப் குமார். நாயகி மீனா குமாரி. அதில் கொள்ளைக்காரன் ஆசாத் தன்னை மறைத்துக்கொள்ள கான் சாஹிப் என்னும் முதியவராக வேடமிடுகிறான். நடித்தவரோ பெஷாவரில் பிறந்த முஹம்மது யூசுஃப் கான். பாம்பே டாக்கீஸின் தேவிகா ராணி தந்த திரைப்பெயரை அவர் ஏற்றுக்கொண்டதற்கு, சினிமாவை வெறுத்த தம் தந்தையின் கண்ணில் படாமல் இருக்கலாம் என்பதும் ஒரு காரணம். மீனா குமாரியின் இயற்பெயரும் மஹ்ஜபீன் பானு. பெயரை மறைத்துக்கொண்ட ஒரு கான், பெயரை மறைத்துக்கொள்ளும் ஒரு கொள்ளைக்காரனாகி, மீண்டும் ஒரு கானாக வேடமிட்டார்! திலீப் குமார் என்ற பெயரோடு சென்னையில் பிறந்த வேறொருவர் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆனார் என்பதையும் போகிற போக்கில் நினைத்துக்கொள்ளலாம்.

பெயரை மறைப்பது, அடையாளம் அணிவது ஆகிய இரண்டும் நம் வரலாற்றிலும் உண்டு; ஆனால் அவை இடம் மாறி இருக்கின்றன. பத்ருப் போரில் ஹம்ஸா (ரலி) நெஞ்சில் தீக்கோழி இறகைச் செருகியிருந்தார்கள். உஹுதில் அபூ துஜானா (ரலி) செந்நிறத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு மிடுக்காக நடந்தபோது, இவ்விடம் தவிர வேறெங்கும் அல்லாஹ் வெறுக்கும் நடை இது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். போர்க்களத்தில் அடையாளம் வெளிப்படையாக இருந்தது. அடித்தவர் யார் என்று எதிரிக்கும் தெரிந்தது. மறைவு வேண்டப்பட்டது தர்மத்தில்தான். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியலாகாது என்னும் ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இரவில் மாவு மூட்டைகளை முதுகில் சுமந்து மதீனாவின் ஏழை வீடுகளில் சேர்த்துவந்தார்கள். அவர்கள் மறைந்த பின் உதவி நின்றுபோனபோதே, கொடுத்தவர் யார் என்று அவ்வீட்டார் உணர்ந்தனர். ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள் முதுகிலிருந்த தழும்பைக் கண்டனர். திரையுலகம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. அதன் நாயகன் அடிக்கும்போது முகத்தை மூடுகிறான். கொடுக்கும்போது கேமராவைப் பார்க்கிறான்.

பட்டப்பெயர் பற்றியும் ஒரு சொல். காலித் பின் வலீத் (ரலி) அவர்களை அல்லாஹ்வின் வாள் என்று அழைத்தது நபி (ஸல்) அவர்கள். அது அவர் தாமே சூடிக்கொண்ட பெயரன்று. ஆனாலும் வெற்றியெல்லாம் காலிதால்தான் வருகிறது என்று மக்கள் மயங்கத் தொடங்கியபோது, கலீஃபா உமர் (ரலி) அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்ட காலித் (ரலி) அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மலைக்கள்ளனுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை மாறியது. 1992இல் வந்த ‘ரோஜா’வில் துப்பாக்கி ஏந்தியவனும் தொழுகிறவனும் ஒருவனே. 1995 பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’வில் மாணிக்கம் என்னும் ஆட்டோ ஓட்டுநருக்குக் காக்கிச் சட்டைதான் மறைவிடம். கொல்லப்பட்ட தன் நண்பன் அன்வர் பாட்ஷாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, அவன் மாணிக் பாட்ஷா ஆனவன். நட்புக்கு இது பெருமைதான். ஆனால் பெயர்களின் பணி மாறிவிட்டதைக் கவனியுங்கள்: அப்துல் ரஹீம் என்ற பெயரைக் கேட்டு ஊர் அமைதியடைந்தது, பாட்ஷா என்ற பெயரைக் கேட்டு ஊர் நடுங்கியது. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் மூண்ட கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும் அந்நகரில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பின் கொங்கு நாட்டுப் பேருந்துகளில் தொப்பியும் தாடியும் எப்படிப் பார்க்கப்பட்டன என்பதை நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2013இல் ‘விஸ்வரூபம்’ வந்தபோது சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. அதன் நாயகன் விசாம் அஹ்மது காஷ்மீரி என்னும் உளவாளி; அமெரிக்காவில் விஸ்வநாதன் என்ற கதக் ஆசிரியராக ஒளிந்து வாழ்பவன். சமுதாய அமைப்புகளின் எதிர்ப்பு, தமிழக அரசின் தடை, பேச்சுவார்த்தை என்று சென்று, சில மாற்றங்களோடு பிப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் வெளியானது. அந்தச் சர்ச்சையில் நாம் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு: 1954இல் குமாரவீரனுக்குப் பாதுகாப்பு அப்துல் ரஹீமாக இருப்பதில் இருந்தது, 2013இல் விசாமுக்குப் பாதுகாப்பு விஸ்வநாதனாக இருப்பதில் இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்கச் சித்திரக்கதையில் கமலா கான் என்னும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் ‘மிஸ் மார்வெல்’ ஆனாள். 2014இல் அவளுக்கென்று தனி இதழ் வந்தது. ஆசிரியை வில்லோ வில்சனும் பதிப்பாசிரியை சனா அமானத்தும் முஸ்லிம் பெண்கள். அவள் தன் சூப்பர் ஹீரோ உடையைத் தைத்துக்கொண்டது, உடலை மூடும் நீச்சலுடையான புர்கினியிலிருந்து. யாரோ பிறர் நம் உடையை வேடமாக்காமல், அணிகிறவளே அதை ஆக்கிக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது; மாற்றுப்பெயர் மட்டும் அவளுக்குத் தேவையில்லாத ஒன்று என்றே தோன்றுகிறது.

2021 நவம்பரில் வெளிவந்த ‘மாநாடு’ தமிழில் அந்தத் தேவையின்மையைக் காட்டியது. வெங்கட் பிரபு இயக்கிய அப்படத்தில், துபாயிலிருந்து கோவைக்கு வரும் விமானத்தில் அமர்ந்திருக்கும் அப்துல் காலிக் என்னும் இளைஞன் ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்கிறான். முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிமின் மேல் சுமத்தி, கலவரம் மூட்டும் சதியை அவன் ஒருவனே முன்கூட்டி அறிவான். காலத்தைத் திருப்பும் ஆற்றல் உள்ளவனுக்கு முகமூடி இல்லை, மேலங்கி இல்லை, பட்டப்பெயரும் இல்லை. எஃகு மனிதன், வௌவால் மனிதன் என்று ஆற்றலைப் பறைசாற்றும் பெயர்களுக்கு நடுவே, படைத்தவனின் அடிமை என்று பொருள்படும் பெயர் அவனுக்கு. சதிகாரர்களுக்கும் தேவைப்பட்டது அப்படியொரு பெயர்தான். குற்றத்தின் மேல் போர்த்துவதற்கு. ஒவ்வொரு முறை செத்து விழித்தெழும்போதும் அவன் அதே இருக்கையில், அதே பெயரோடு கோவைக்கு வந்து இறங்குகிறான்.