ஆலை வாசலில் ஆய்வாளர்

ஒரு நாட்டில் இன்ன சட்டம் இருக்கிறதா என்று அறிவதற்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறதா என்று அறிவதற்கு, அது எவரைக் காக்கப் பிறந்ததோ அவர் வேலை செய்யும் இடத்துக்கே செல்ல வேண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டங்களின் சரித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தைக் கையில் ஏந்தி ஆலை வாசலைத் தாண்டிச் சென்ற ஆய்வாளரின் சரித்திரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் பற்றிச் சில செய்திகளை இன்று சொல்ல விரும்புகிறேன். பிழைப்பைத் தேடி மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் கோலாருக்கும் சென்று, அங்கேயே தலைமுறைகளாக வாழும் தமிழ் மக்களுக்கு இது அயலார் கதை அன்று.

1854ஆம் ஆண்டில் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் பம்பாயில் ஒரு நூற்பாலைக்கு அடிகோலினார். 1856இல் அது நூற்கத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பம்பாயின் வானத்தில் புகைபோக்கிகள் பல எழுந்தன. அந்நாளில் ஆலையின் வேலை நேரத்தை நிர்ணயித்தது கடிகாரம் அன்று, கதிரவனே. பொழுது புலர்ந்தது முதல் பொழுது சாயும் வரை வேலை. கோடைக்காலத்தில் பகல் நீண்டால் வேலையும் நீண்டது. ஏழு வயதும் நிறையாத குழந்தைகள் தறிகளுக்கும் கதிர்களுக்கும் இடையே நின்றனர். சுழலும் சக்கரங்களுக்கும் ஓடும் தோல்வார்களுக்கும் வேலி வேண்டும் என்று கட்டளையிட எந்தச் சட்டமும் இல்லை.

1875இல் பம்பாய் அரசாங்கம் ஒரு கமிஷனை நியமித்தது. சட்டம் வேண்டும் என்று கேட்டவர்கள் இரு வகையினர். இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகள் ஒரு வகை. உண்மையாகவே இரக்கம் கொண்ட நல்லோர் மற்றொரு வகை. பம்பாயில் இதற்காகப் பாடுபட்ட சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி அவர்களுள் முதன்மையானவர். நோக்கம் எதுவாயினும் பலன் ஒன்றே. ரிப்பன் பிரபு வைசிராயாக இருந்த 1881ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டம் சொன்னது என்ன? ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரமே வேலை. ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும். விபத்து நேர்ந்தால் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் 100 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலைக்கும், ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் நடவாத ஆலைக்கும் சட்டம் பொருந்தாது. பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் ஜின்னிங் ஆலைகள் பெரும்பாலும் இந்த ஓட்டையின் வழியாகவே தப்பின. பருத்திக் காலத்தில் அவ்வாலைகளில் பெண்கள் இரவு பகலாக உழைத்த கொடுமை, 1884இல் அமைந்த மற்றொரு கமிஷனின் முன் வெளிப்பட்டது.

இவற்றைக் காட்டிலும் பெரிய குறை வேறொன்று இருந்தது. சட்டம் நடக்கிறதா என்று பார்ப்பவர் யார்? தனி ஆய்வாளரை மாகாண அரசாங்கம் நியமிக்கலாம். நியமிக்காவிடில் ஜில்லா மாஜிஸ்திரேட்டே ஆய்வாளர். வரி, வழக்கு, பஞ்சம், கலகம் என்று நூறு சுமைகளைத் தலையில் தாங்கிய அதிகாரி அவர். பல்சக்கரத்தைப் பற்றியோ கொதிகலனைப் பற்றியோ அவருக்கு என்ன தெரியும்? அவர் ஆலைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் விருந்தினரைப்போல் வந்து செல்வார். இந்நிலையைக் கண்ட பம்பாய் அரசாங்கம், மீட்-கிங் என்ற அனுபவமுள்ள ஆய்வாளரை 1882இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து அறிக்கை கேட்டது. சட்டத்தின் போதாமையை முதலில் கண்ணால் கண்டு எழுதியவர்களுள் அவர் ஒருவர்.

தொழிலாளர் தாமே வாய் திறந்த காலமும் அதுவே. நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைக் கூட்டிப் பேசி, 5,500 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைக் கமிஷனிடம் அளித்தார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, நடுப்பகலில் அரை மணி இடைவேளை ஆகியவற்றோடு, வேலையில் காயமுற்றவர் குணமடையும் வரை கூலி தரவேண்டும் என்பதும் அதில் ஒரு கோரிக்கை. விபத்தைத் தலைவிதி என்று எண்ணாமல், பொறுப்பு என்று எண்ணிய குரல் அது. 1891இல் வந்த திருத்தச் சட்டம் வார ஓய்வையும் நடுப்பகல் இடைவேளையும் அளித்தது; குழந்தைகளின் குறைந்தபட்ச வயதை ஒன்பதாக உயர்த்தியது; பெண்களின் வேலையை 11 மணி நேரத்துக்குள் அடக்கியது. காயமுற்றவருக்கு இழப்பீடு சட்டமாவதற்கோ 1923 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆலைகளின் கதை இவ்வாறிருக்க, பூமிக்கடியில் நிகழ்ந்தவற்றையும் சிறிது நோக்குவோம். 1894இல் ஜேம்ஸ் கிரண்டி என்பவர் சுரங்கங்களுக்கு முதல் ஆய்வாளராக நியமிக்கப் பெற்றார். மூன்றே ஆண்டுகளில், அதாவது 1897இல், மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கோலார் தங்கச் சுரங்கத்தில் நேர்ந்த பெருவிபத்தில் 52 பேர் மாண்டனர். 1899இல் பலூசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் மடிந்தனர். இவ்விரு துயரங்களும் அரசாங்கத்தைத் துரிதப்படுத்தின. 1901இல் இந்தியச் சுரங்கச் சட்டம் பிறந்தது; 1902இல் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறக்கப் பெற்று, 1908இல் நிலக்கரி வயல்களின் நடுவேயுள்ள தன்பாதுக்கு மாறியது. சாவு முன்னே செல்ல, சட்டம் பின்னே வரும் வழக்கத்தை இந்த வரிசை தெளிவாகக் காட்டுகிறது.

கோலாரின் பெயர் தமிழர் நெஞ்சை விட்டு எளிதில் அகலாது. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களுள் மிகப் பலர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்களே. பாறை சரிந்து இறந்தவரைக் கணக்கிட முடிந்தது. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, ஆண்டுகள் பல கழித்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோயால் நலிந்தவரைக் கணக்கிடுவது எளிதாயிருக்கவில்லை. 1940களில் நடந்த மருத்துவ ஆய்வுகளே அந்நோயின் பரப்பை உலகுக்கு உணர்த்தின. விபத்தைக் காண்பதற்குக் கண் போதும். நோயைக் காண்பதற்கு மருத்துவ அறிவும் பொறுமையும் வேண்டும். இயந்திரத்தின் வேலியை மட்டும் பார்த்துத் திரும்பும் ஆய்வு அரை ஆய்வே என்பதைக் கோலார் கற்பித்தது. 2001இல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, பாடம் மூடப்படவில்லை.

மீண்டும் ஆலைகளுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்தது. இருளை விரட்டிய அந்த விளக்கு தொழிலாளியின் ஓய்வையும் உடன் விரட்டியது. கதிரவன் மறைந்த பின்னும் சக்கரங்கள் சுழன்றன. இதனால் எழுந்த கண்டனத்தின் விளைவாக 1907இல் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷன் அமைந்தது. வேறு வேலையுள்ள அதிகாரிகள் ஒப்புக்குச் செய்யும் ஆய்வினால் பயனில்லை, முழுநேர ஆய்வாளர்களே வேண்டும் என்று அது கண்டது. குழந்தைகளுக்கான விதிகள் பல இடங்களில் ஏட்டளவில் நின்றதையும் அது எடுத்துக் காட்டியது.

அந்தக் கமிஷனில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் டி. எம். நாயர் ஓர் அங்கத்தினர். பிற்காலத்தில் நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற அவரேதான். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தலாகாது என்று பெரும்பான்மையோர் எழுதினர். மருத்துவரான நாயரோ கட்டுப்படுத்தியே தீர வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். களைத்த உடல் இயந்திரத்தின் முன் தடுமாறும் என்பதை ஒரு மருத்துவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவு, நூற்பு ஆலைகளில் ஆண்களின் வேலையை 12 மணி நேரத்துக்குள் அடக்கியபோது, தனித்து நின்ற கருத்துக்கு ஓரளவு வெற்றி கிட்டியது.

பிறகு படிகள் விரைவாக ஏறின. 1922இல் வாரத்துக்கு 60 மணி; 1934இல் ஆண்டு முழுவதும் நடக்கும் ஆலைகளில் 54 மணி; டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் இலாகாவை வகித்து வந்த 1946இல் 48 மணி. இடையே விட்லி தலைமையில் வந்த ராயல் கமிஷன் 1931இல் தன் அறிக்கையை அளித்தது. சட்டத்தை மீறிய முதலாளிக்கு நீதிமன்றம் விதிக்கும் அபராதம், மீறியதால் அவர் பெறும் இலாபத்துக்கு முன் அற்பமாய் நிற்பதை அது எடுத்துரைத்தது. ஆய்வாளர் வந்து, பார்த்து, வழக்குத் தொடுத்து, வென்ற பின்னும் பயன் விளையாதபடி செய்யும் குறை அது.

சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1949 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சுகாதாரம், பாதுகாப்பு, நல்வாழ்வு என்று தனித்தனி அதிகாரங்கள் அதில் அமைந்தன. இயந்திர விசையுடன் 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை என்றாயிற்று. அதே ஏப்ரல் மாதத்தில், தொழிலாளர் ஆய்வு பற்றிய 81ஆம் எண் சர்வதேச உடன்படிக்கையையும் இந்தியா ஏற்றது. ஜினீவாவில் 1947இல் உருவான அவ்வுடன்படிக்கையில் நான்கு கருத்துகள் உயிர்நாடி போன்றவை. ஆய்வாளர் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி, இரவிலும் பகலிலும் எந்நேரமும் உள்ளே நுழையும் உரிமை அவருக்கு வேண்டும். வெளியார் செல்வாக்கு அவர்மேல் பாயலாகாது. முறையிட்ட தொழிலாளியின் பெயரை அவர் எக்காரணத்தாலும் வெளியிடலாகாது. அறுபத்தெட்டு ஆண்டு அனுபவத்தின் சாரம் இந்த நான்கில் அடங்கியது எனலாம்.

ஆயினும் 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரில் நிகழ்ந்தது என்ன? யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு, உறங்கிய மக்களைச் சூழ்ந்தது. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அது எச்சரிக்கையின்றி வந்த இடி அன்று. 1981 டிசம்பரிலேயே அவ்வாலையில் பாஸ்ஜீன் வாயுவுக்கு ஒரு தொழிலாளி பலியானார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982 முதல் அபாயத்தைச் சுட்டி எழுதி வந்தார். அந்நகரின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் இயந்திரப் பொறியியல் பயின்றவர்கள், இரசாயனத்தில் பயிற்சி குறைந்தவர்கள் என்பதைப் பேரழிவுக்குப் பின் பத்திரிகைகள் எழுதின. பல்சக்கர யுகத்துக்கென அமைந்த ஆய்வு முறை, நச்சு வாயு யுகத்தின் வாசலில் திகைத்து நின்றது. 1987இல் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில்களுக்குத் தனி அதிகாரம் சேர்ந்தது. உடனடி அபாயம் இருப்பதாகக் கருதினால் அதை மேலாளருக்கு அறிவிக்கவும், தம் உடல்நலம் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறவும் தொழிலாளர் உரிமை பெற்றனர். இங்கும் சாவே சட்டத்துக்கு முன் சென்றது.

2025 நவம்பர் 21 முதல், 13 பழைய சட்டங்களின் இடத்தில், 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அபாயத்தை அறிவிக்கும் உரிமை அதிலும் தொடர்கிறது. ஆனால் தொழிற்சாலை எனப்படுவதற்கு விசையுடன் 10 பேர் என்றிருந்தது 20 ஆயிற்று. விசையின்றி 20 என்றிருந்தது 40 ஆயிற்று. ஆய்வாளருக்கு வழிகாட்டி என்ற பெயரும் சேர்ந்துள்ளது. எந்த ஆலைக்குச் செல்வது என்பதைக் கணினியே தேர்ந்தெடுக்கும் முறைக்கும் இடம் உண்டு. கையூட்டும் தொந்தரவும் ஒழியும் என்பர் ஒரு சாரார். திடீரென நுழையும் உரிமை தேய்ந்துவிடும் என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆய்வாளர் வருவது முதலாளிக்குத் தொல்லையாகத் தோன்றலாம். அவர் வாராமையோ தொழிலாளிக்கு உயிர்ச்சேதமாக முடியலாம். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் தகாது.

நேயர்களே, ஒன்று சொல்லி முடிக்கிறேன். சட்டத்தின் சுருக்கத்தையும் ஆய்வாளரின் பெயர், முகவரியையும் ஆலை வாசலில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எம்மொழியில்? ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும். மும்பையில் அது மராத்தி. கல்கத்தாவில் அது வங்காளி. ஊர் விட்டு வந்த தமிழன் சிறுபான்மையன். அந்தப் பலகை அவனுக்குப் படிக்க முடியாத பலகை. திருப்பூருக்கு இன்று வந்துள்ள ஒடிசாக்காரருக்கும் பீகாரிக்கும் தமிழ்ப் பலகை அவ்வாறே. ஆகவே முதல் ஆய்வாளர் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தோழரே ஆவார். பலகையைப் படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்லட்டும். அரசாங்கத்தின் ஆய்வாளர் என்றாவது ஒரு நாள் வருவார். அன்று அவர் கேட்கும் கேள்விக்கு அஞ்சாமல் விடை சொல்லும் நாவு ஆலைக்குள் இருந்தாலன்றி, அவருடைய வருகை வீணே.