துடுப்பாட்ட ஒளிப்படக்கலை

துடுப்பாட்டத்தில் மட்டைவீச்சு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதைப் படம்பிடிக்கக் கருவி மட்டும் போதாது; அடுத்து நிகழப்போவதை முன்கூட்டியே அறியும் ஆட்ட அறிவும் வேண்டும். மிடில்செக்ஸ் அணி வீரரான ஜார்ஜ் பெல்டம், ஆட்டக்காரர்களைப் போட்டிக்கு வெளியே ஆடச்செய்து படமெடுத்தார். சி. பி. ஃபிரையுடன் அவர் உருவாக்கிய நூல் 600 படங்களுடன் 1905இல் வெளிவந்தது. விக்டர் டிரம்பர் முன்னே பாய்ந்து அடிக்கும் படம் அவற்றுள் புகழ்பெற்றது.

போட்டியின்போது அத்தகைய மறுவாய்ப்பு கிடைப்பதில்லை. 1960 டிசம்பர் 14 அன்று பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் தேர்வுப் போட்டி முடியும் தறுவாயில், தி ஏஜ் நாளிதழின் ரான் லோவிட்டிடம் ஒரேயொரு படத்தகடு எஞ்சியிருந்தது. ஜோ சாலமன் எறிந்த பந்து இலக்கைத் தாக்கும்வரை அவர் பொறுத்திருந்தார். இயான் மெக்கிஃப் ஆட்டமிழந்த அக்கணமே படமானது. தேர்வுத் துடுப்பாட்ட வரலாற்றில் சமனில் முடிந்த முதல் போட்டி அதுவே.